வாயைக் கட்டு என்பது வைத்தியம் இல்லை

ஒருவருக்குச் சீனி வருத்தம் என்று தெரியவந்த அன்றைக்கே இரண்டு மருந்துத் துண்டுகள் கிடைத்துவிடுகின்றன. ஒன்று டொக்டர் எழுதுவது. மற்றது ஊர் எழுதுவது. டொக்டரின் துண்டில் குளிசையின் பெயரும் அளவும் இருக்கும். ஊரின் துண்டில் இரண்டே சொற்கள்: வாயைக் கட்டு. அம்மா அழுதுகொண்டு சொல்லுவா. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் சொல்லுவா. கனடாவில் இருக்கிற சித்தப்பா வட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்புவார். பாமசியில் குளிசை எடுத்துத் தாற பெடியன்கூட விடமாட்டான்.

இந்த இரண்டு சொற்களுக்கும் எதிராகத்தான் நாங்கள் இதை எழுதுகிறோம். சாப்பாடு முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. சாப்பாடு மிக முக்கியம், கீழே அதைப்பற்றி நிறையவே சொல்லப்போகிறோம். ஆனால் "வாயைக் கட்டு" என்பதற்குள் சாப்பாட்டைப் பற்றி ஒரு விபரமும் இல்லை. எதை, எவ்வளவு, எப்போது என்று அது சொல்வதில்லை. அது ஒரு தீர்ப்பு. நீ வாயைக் கட்டாததால் உனக்கு இது வந்தது, இனிக் கூடினாலும் நீதான் காரணம் என்று முடிக்கிற தீர்ப்பு. தீர்ப்பு விழுந்த ஆள் என்ன செய்யும்? ஒளிக்கும். வருத்தத்தை ஒளிக்கும், குளிசையை ஒளிக்கும், கிளினிக் கொப்பியை ஒளிக்கும். எங்கட இளம் ஆக்களின் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் தின்னுறதில் இந்த ஒளிப்புக்கும் பெரிய பங்கு இருக்கு.

எங்கள் கூட்டத்தில் நான்கு பேர் சீனியோடு வாழ்கிறோம். ஒருவர் பதினான்கு வயதிலிருந்து இன்சுலின் போடுகிறவர். மற்ற மூவரும் இருபதுகளின் கடைசியில் குளிசை தொடங்கியவர்கள். மிச்சப்பேர் வீட்டில் அப்பாவுக்கோ அம்மம்மாவுக்கோ ஊசி போட்டுப் பழகியவர்கள். ஆகவே "நாங்கள்" என்று எழுதுவது சும்மா மரியாதைக்கு இல்லை.

"இந்த வயசிலயேயோ?"

தீர்ப்புக்கு முதல் வருகிற கேள்வி இது. கேட்கிறவருக்கு இது அனுதாபம், கேட்கப்படுகிறவருக்கு விசாரணை. இலங்கையின் ஒன்பது மாகாணங்களில் ஏழைத் தழுவி 2005-2006 காலத்தில் நடந்த ஆய்வில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் 36 சதவீதமானோருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. அதற்கு முந்திய நிலையில் இருந்தவர்களையும் சேர்த்தால், ஐந்து பேரில் ஒருவருக்கு மேல். இது இருபது வருடத்துக்கு முந்திய கணக்கு. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் எதுவும் எண்ணிக்கை குறைந்ததாகச் சொல்லவில்லை. ஐந்தில் ஒருவர் வாயைக் கட்டத் தெரியாத பெருந்தீனிக்காரரோ? ஒரு நாட்டில் ஐந்தில் ஒரு வீட்டுக் கூரை ஒழுகினால் மேசனைத்தான் பிடித்துக் கேட்பம், வீட்டுக்காரர் ஏன் அண்ணாந்து பார்க்கேல்லை என்று கேட்கமாட்டம்.

இன்னொரு விடயம். தெற்காசிய உடம்புக்கு ஒரு தனி வரலாறு இருக்கு. ஆள் பார்க்க மெலிவு, ஆனால் கொழுப்பு வயிற்றுக்குள்ளும் ஈரலைச் சுற்றியும் போய் இருந்துகொள்ளும். அதனால்தான் உடல் திணிவுச் சுட்டெண் 25ஐத் தாண்டினால் கவனம் என்று ஐரோப்பியருக்குச் சொல்லும்போது, ஆசியருக்கு 23இலேயே கவனிக்கச் சொல்லுகினம். புனேயில் டொக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவரது குழுவும் பிறந்த குழந்தைகளை அளந்தபோது, இங்கிலாந்துக் குழந்தைகளைவிட ஏறத்தாழ 800 கிராம் பாரம் குறைந்த அந்தக் குழந்தைகளின் தசை குறைந்திருந்தது, கொழுப்பு அந்தளவுக்குக் குறைந்திருக்கவில்லை. "உனக்கு என்ன சீனி, நீ ஈர்க்குப்போல இருக்கிறாய்" என்று மெலிந்த ஆட்களைப் பரிசோதிக்காமல் விடுவது எவ்வளவு பிழை என்று இதிலிருந்தே விளங்கும்.

1944-45 குளிர்காலத்தில் ஜேர்மன் முற்றுகையால் நெதர்லாந்தின் நகரங்கள் பட்டினி கிடந்தன. அந்தப் பட்டினியின்போது கருவில் இருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்துப் பார்த்தபோது, அவர்களின் உடம்பு குளுக்கோசைச் சமாளிக்கும் திறன் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. தாயின் பசி பிள்ளையின் சதையியில் எழுதப்பட்டிருந்தது. இதை நாங்கள் வாசிக்கும்போது எங்களுக்கு நெதர்லாந்து ஞாபகம் வரவில்லை. 1990களில் வடக்கின்மீது விழுந்த பொருளாதாரத் தடைக்குள்ளும் இடப்பெயர்வுகளுக்குள்ளும் எங்களைச் சுமந்த தாய்மார்தான் ஞாபகம் வந்தார்கள். எங்களைப் பார்த்து வாயைக் கட்டேல்லையோ என்று கேட்க முதல், எங்கட அம்மாமாரின் வாயைக் கட்டினது ஆர் என்று ஒருக்கால் கேளுங்கோ.

தின்று வராத சீனி

இன்சுலின் போடுகிற எங்கள் தோழிக்கு இந்தத் தீர்ப்பு இரண்டு மடங்கு அநியாயம். அவவுக்கு இருப்பது முதலாம் வகை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன்னுடைய சதையியையே எதிரி என்று எண்ணி அடிப்பதால், இன்சுலின் சுரக்கிற கலங்கள் அழிந்துபோகின்றன. அதற்கும் ரொபிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவ சின்ன வயதில் இனிப்பே தின்னாமல் இருந்திருந்தாலும் இது வந்திருக்கும். ஆனாலும் இன்றைக்கும் ஆராவது "சின்னனில கனக்க இனிப்புச் சாப்பிட்டனீங்களோ பிள்ளை?" என்று கேட்கினம்.

இந்த வகையில் அறியாமை ஆளைக் கொல்லும். ஒரு பிள்ளை நாலைந்து கிழமைக்குள் மெலிந்துபோகிறது, ஓயாமல் தண்ணி குடிக்கிறது, இரவில் நாலு தரம் சலத்துக்கு எழும்புகிறது என்றால், எங்கட ஊரில் முதலில் நாவூறு கழிக்கிறது, பிறகு நூல் கட்டுறது. அதற்கிடையில் பிள்ளை சத்தி எடுத்து, வயிறு நோகுது என்று சுருண்டு, மூச்சு வாங்கத் தொடங்கினால், அது மணித்தியாலக் கணக்கில் உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. நூலைக் கட்டுறதெண்டால் ஆஸ்பத்திரிக்குப் போற வழியில் கட்டுங்கோ. விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்க்க ஒரு நிமிசம் போதும்.

1922 தைமாதம் ரொறன்ரோவில் லெனர்ட் தொம்சன் என்ற பதினான்கு வயதுப் பெடியனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் ஏற்றினார்கள். அதற்கு முதல் இந்த வருத்தத்துக்கு இருந்த வைத்தியம் என்ன தெரியுமோ? பட்டினி. உண்மையாகவே வாயைக் கட்டுவதுதான். பிள்ளைகளை ஒரு நாளைக்குச் சில நூறு கலோரியில் வைத்திருந்தார்கள். அவர்கள் எலும்பும் தோலுமாகிக் கொஞ்சக் காலம் கூட இருந்தார்கள், பிறகு செத்தார்கள். நூறு வருடத்துக்கு முன்னம் வைத்தியம் கைவிட்ட முறையைத்தான் ஊர் இன்னும் துண்டில் எழுதித் தருகுது.

சீனிப் பேணியும் சோற்றுக் கோப்பையும்

இனிச் சாப்பாட்டுக்கு வருவம். வருத்தத்தின் பெயரே எங்களை ஏமாற்றுகிறது. "சீனி" என்று சொன்னவுடன் எல்லாருடைய கண்ணும் சீனிப் பேணியில் போய் நிற்குது. தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் விட்டால் கடமை முடிந்தது. பிறகு அதே ஆள் மத்தியானம் கோபுரம்போலச் சோற்றைக் குவித்துச் சாப்பிடுவார், பின்னேரம் பணிஸ் ஒன்று, இரவைக்குப் புட்டு.

கணக்கைப் பாருங்கோ. இரண்டு தேக்கரண்டி சீனி போட்ட பிளேன்ரீயில் ஏறத்தாழ 8 கிராம் சீனி. ஒரு கப் அளவு சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் மாப்பொருள், அது முழுக்கக் குளுக்கோசாகத்தான் இரத்தத்துக்குள் இறங்கும். கடைச் சாப்பாட்டுப் பார்சலில் மூன்று கப்புக்குக் குறையாமல் சோறு இருக்கும். அப்ப எங்கே கவனிக்க வேணும்? வாயைக் கட்டு என்று சொன்ன ஒருவரும் எங்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தரவில்லை. அவர்கள் சொன்னதெல்லாம் மாம்பழம் தின்னாதை, பாயாசம் குடியாதை, கலியாண வீட்டில் கேக் எடுக்காதை. வருடத்தில் பத்து நாள் வருகிற சாப்பாட்டுக்குத் தடை, முந்நூற்றைம்பத்தைந்து நாள் வருகிற சாப்பாட்டைப் பற்றி மௌனம்.

சிவப்பரிசியும் குரக்கனும் நல்லவைதான், நார்ச்சத்து இருப்பதால் சீனி மெல்ல ஏறும். ஆனால் 100 கிராம் குரக்கன் மாவிலும் ஏறத்தாழ 70 கிராம் மாப்பொருள் இருக்கு. குரக்கன் புட்டு என்பதற்காக இரண்டு நீத்துப்பெட்டி சாப்பிட்டால் அது அரிசிமாப் புட்டுத்தான். பனங்கட்டி எங்கட மண்ணின் பெருமை, அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் பனங்கட்டியின் பெரும்பகுதி சீனியில் இருக்கிற அதே சுக்குரோசு. "இது எங்கட ஊர்ச் சாமான், ஒண்டும் செய்யாது" என்று சதையிக்குச் சொல்லிப் பாருங்கோ, அதுக்கு ஊர்ப்பற்றுக் கிடையாது.

வேலை செய்கிற முறை சின்னது. கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும். கால்வாசி மீன், முட்டை, பருப்பு, கடலை, பயறு. மிச்சக் கால்வாசிதான் சோறோ புட்டோ இடியப்பமோ பாணோ. கிழங்கும் பலாக்காயும் மரக்கறிப் பக்கத்தில் இல்லை, சோற்றுப் பக்கத்தில். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிசம் நடந்தால் ஏறின சீனி இறங்கும். இவ்வளவும் சொல்ல அரை நிமிசம் போதும். இதைச் சொல்லாமல் வாயைக் கட்டு என்று மட்டும் சொல்வது, நீந்தத் தெரியாதவனைக் கிணற்றுக்குள் தள்ளிவிட்டு "தாழாதை" என்று கத்துவதுபோல.

இதையும் ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் செய்ய முடியாது. "உனக்குத் தனிச் சமையல்" என்று ஒரு பானையைப் பிரித்து வைத்த வீடுகளில் இரண்டு விடயம் நடக்கும். முதலாவது, சாப்பாட்டு மேசையில் ஒரு நோயாளி உருவாவார், எல்லாரும் கோழிக்கறியோடு இருக்க அவர் முன்னால் மட்டும் அவித்த பாவக்காய். இரண்டாவது, அம்மாவுக்கு இன்னொரு அடுப்பு. ஆண்பிள்ளைக்குச் சீனி வந்தால் அம்மாவோ மனைவியோ புதுச் சமையல் படிக்க வேணும், அம்மாவுக்கே சீனி வந்தால் அவ வழமைபோல எல்லாருக்கும் சமைத்துவிட்டு மிஞ்சினதைச் சாப்பிட வேணும். இதைவிட ஒரே பானையை மாற்றுங்கோ. ஒருவருக்குச் சீனி என்றால் அதே வீட்டில் அடுத்தவருக்கு வரும் வாய்ப்பும் கூட. அரைக்கொத்து அரிசி குறைத்து ஒரு கறி கூட்டுங்கோ. அந்தக் கறிக்குத் தேங்காய் துருவ அண்ணாவையும் கூப்பிடுங்கோ.

காசைப் பற்றியும் சொல்லத்தான் வேணும். கோப்பையில் பாதி மரக்கறி என்று எழுதுவது சுகம். நாட்கூலிக்குப் போகிற வீட்டில் வயிறு நிரப்புவது சோறும் பாணும்தான், ஏனென்றால் அதுதான் ஆகக் குறைந்த விலைக்கு வயிறு நிரப்பும். மலையகத்தில் கொழுந்து பறிக்கிற ஒரு அக்காவுக்கு விடியப்புறம் உடம்பை எழுப்புவது சீனி போட்ட சாயத்தண்ணியும் ரொட்டியும். அவவைப் பார்த்து வாயைக் கட்டு என்று சொல்வது வெட்கம் கெட்ட கதை. வளவுக்குள் நிற்கிற முருங்கையிலையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் கொஞ்சம் கைகொடுக்கும். மிச்சத்தைக் கூலிதான் சரிசெய்ய வேணும்.

ஒளிக்கிற வருடங்கள்

இனி எங்களுக்கு ஆகக் கூடிய கோபம் வருகிற இடம்.

பிரித்தானியாவில், புதிதாகச் சீனி பிடிபட்ட ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 1998இல் வந்தது. தொடக்கத்திலிருந்தே சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற சின்ன நாளங்களில் வரும் பாதிப்பு 25 சதவீதம் குறைவு. ஆய்வு முடிந்த பிறகு இரண்டு பக்கத்தினரின் சீனி அளவும் ஒரு வருடத்துக்குள் ஒரேமாதிரி ஆகிவிட்டது. ஆனால் பத்து வருடம் கழித்து, 2008இல் பார்த்தபோது, ஆரம்பத்தில் கவனித்தவர்களுக்குக் கிடைத்த நன்மை அப்படியே நின்றது. உடம்பு முதல் வருடங்களை ஞாபகம் வைத்திருக்கிறது. ஆரம்பத்தில் போட்ட முதலுக்குத்தான் ஆகக் கூடிய வட்டி.

இப்ப எங்கட ஆக்களின் முதல் வருடங்களைப் பாருங்கோ. இருபத்தாறு, இருபத்தேழு வயது. வீட்டில் கலியாணம் பேசத் தொடங்கியிருப்பினம். "வெளியில சொல்லிப் போடாதை" என்பதுதான் வீட்டின் இரண்டாவது மருந்துத் துண்டு. பெண்பிள்ளை என்றால் இன்னும் இறுக்கம். கிளினிக்குக்குப் போனால் ஆராவது கண்டுபோடுவினம். ஆகவே போகக்கூடாது. குளிசைப் பைக்கற்றைக் கைப்பையில் வைத்தால் ஆராவது பார்ப்பினம். ஆகவே வேலைத்தலத்தில் மத்தியானக் குளிசை இல்லை. பெண்பார்க்க வந்த இடத்தில் பலகாரம் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. வைத்தியம் ஆகக் கூடப் பலன் தரக்கூடிய வருடங்களும் வீடு ஆகக் கூட ஒளிக்கிற வருடங்களும் ஒன்றாக இருக்கு. தாலி ஏறின பிறகு, பிள்ளைக்கு நிற்கேக்க, சீனி கட்டுக்கடங்காமல் ஏறி எல்லாம் வெளியில் வரும். அப்ப "ஏமாத்திப் போட்டினம்" என்று மற்ற வீடு கத்தும். சாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிற சமூகம் இரத்தப் பரிசோதனை ஒன்றை இரண்டு பக்கமும் வெட்கமில்லாமல் மேசையில் வைக்கப் பழகவில்லை.

சீனி உள்ள பெண் பிள்ளை பெறலாம். முன்கூட்டியே திட்டமிட்டு, சீனியை இறக்கி, டொக்டரோடு கதைத்துப் பெறலாம். ஒளித்துத்தான் பெறக்கூடாது. "வருத்தக்காரி" என்று ஒரு பெண்ணைத் தள்ளுகிற ஆம்பிளை வீட்டில், அநேகமாக மாமனாரோ மாமியாரோ சாப்பாட்டுக்கு முதல் குளிசை போட்டுக்கொண்டுதான் இருப்பினம்.

ஒளிப்புக்கு ஊட்டம் போடுகிற வியாபாரமும் இருக்கு. "ஊசி தொடங்கினா விடேலாது" என்று பயம் காட்டுறது, பிறகு தங்கட தூளை விற்கிறது. நாற்பது நாளில் சீனியை அடியோடு ஒழிக்கும் கசாயம் என்று முகநூலில் விளம்பரம். பாவக்காயிலும் வெந்தயத்திலும் எங்களுக்குப் பகை இல்லை, கறியாகச் சாப்பிடுங்கோ. ஆனால் இன்சுலின் போடுகிற பிள்ளையின் ஊசியை நிற்பாட்டிப்போட்டுக் கசாயம் குடிக்கச் சொல்கிறவன் செய்கிறது கொலை. ஊசி என்பது தோற்றுப்போனவருக்குத் தருகிற தண்டனையும் இல்லை. இரண்டாம் வகையில்கூட வருடங்கள் போகப்போகச் சதையி களைத்துப்போகும். அது வருத்தத்தின் போக்கு, ஆளின் குணம் இல்லை. தொடக்க காலத்தில் மருத்துவக் கண்காணிப்போடு உடம்பு நிறையை நன்றாகக் குறைத்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் குளிசை இல்லாமலே சீனி வழமைக்கு வந்திருக்கு என்பதும் உண்மை. அதற்கும் அளவு தெரிய வேணும், ஆள் துணை வேணும். தூள் விற்கிறவன் இரண்டையும் தரமாட்டான்.

கிளினிக் வாங்கில்

இலவச மருத்துவத்தை நாங்கள் தலையில் வைத்துக் கும்பிடுகிறோம். இன்சுலின் குப்பியும் மெற்ஃபோமினும் காசில்லாமல் கிடைக்கிற நாட்டில் இருக்கிறோம். 2022இல் மருந்து தட்டுப்பட்டபோது அதன் பெறுமதி எல்லாருக்கும் விளங்கியது. ஆனால் அந்தக் கும்பிடோடு சேர்த்துச் சில கேள்விகளும் இருக்கு.

கிளினிக் என்றால் விடிய ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு இலக்கம் எடுக்க வேணும், மருந்து கையில் வர மத்தியானம். புடவைக்கடையில் நிற்கிற பிள்ளைக்கு அது ஒரு நாள் சம்பளம், மாதாமாதம். இரண்டு தரம் லீவு கேட்டால் மூன்றாம் தரம் முதலாளி வேறு ஆள் பார்ப்பார். ஆகவே அந்தப் பிள்ளை கிளினிக்கை விடும். இதற்கு "பொறுப்பில்லை" என்று பெயர் வைப்பது யார்? எங்களில் ஒருவர் போன கிளினிக்கில் அவருடைய சீனி அளவை ஐம்பது பேர் இருந்த மண்டபத்தில் சத்தமாக வாசித்துவிட்டு, "தம்பிக்கு வாய் கூடவோ?" என்று கேட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அவர் எட்டு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். இருந்தும், பகிடி விடக் கிடைத்த அதே நேரத்துக்குள் "கோப்பையில் கால்வாசி சோறு" என்று சொல்லியிருக்கலாம்.

நட என்று சொல்கிறார்கள். எங்கே நடப்பது? ஒழுங்கைக்குள் கட்டாக்காலி நாய், றோட்டில் நடைபாதை இல்லை, பின்னேரம் ஒரு பெண் தனியாக வேகமாக நடந்தால் மதகில் இருக்கிற நாலு பேருக்குப் பேசப் பொருள். கார்த்திகை 14ஆம் திகதி உலக நீரிழிவு தினத்துக்கு மட்டும் நடைபவனி, தொப்பி, பதாகை. அடுத்த நாள் பதாகையும் இல்லை, நடக்க இடமும் இல்லை.

அரசாங்கத்துக்கு வாயைக் கட்டச் சொல்லுவார் ஆர்? 2016இலிருந்து குளிர்பானப் போத்தலில் நிறப்புள்ளி இருக்கு: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. 11 கிராம் வீதம் 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றைக் குடித்தால் 44 கிராம், அதாவது பதினொரு தேக்கரண்டி. 2017 நவம்பரில் இந்தப் பானங்களுக்கு ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் என்று வரி போட்டார்கள். அடுத்த வருடமே அதைக் குறைத்தார்கள். 2020 ஒக்ரோபரில் இறக்குமதிச் சீனிக்கு ஒரு கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த வரியை 25 சதமாக இறக்கினார்கள். சனத்துக்கு விலை இறங்கவில்லை, இறக்குமதி செய்தவர்கள் கொழுத்தார்கள் என்று நாடே கத்தியது. வரியில் இவ்வளவு இனிப்புத் தின்றவர்கள்தான் எங்களுக்குத் துண்டுப்பிரசுரத்தில் இனிப்பைக் குறை என்று எழுதுகிறார்கள்.

ஆகவே எங்கட கோரிக்கை இவைதான். வேலைக்குப் போகிறவர்களுக்கு மாதத்தில் சில நாளாவது பின்னேரக் கிளினிக். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை, தனியார் ஆய்வுகூடத்துக்கு அனுப்பாமல், எல்லா அரச கிளினிக்கிலும். அளவை வாசிக்க ஒரு தனி மேசை. பள்ளிக்கூடத்தில் இன்சுலின் போடுகிற பிள்ளைக்கு மலசலகூடம் இல்லாத ஒரு சுத்தமான இடமும், தாழ்சீனி என்றால் என்னவென்று தெரிந்த ஒரு ரீச்சரும். பானங்களுக்கான வரி திரும்ப வேணும், அதில் வருகிற காசு சீனி பார்க்கும் ஸ்ரிப்புக்குப் போக வேணும்.

நேற்றுத் தெரியவந்தவருக்கு

கடைசியாக, நேற்றுத்தான் றிப்போட்டைக் கையில் வாங்கிக்கொண்டு இதை வாசிக்கிற உங்களுக்கு. வெறும் வயிற்றில் 126, எச்பிஏ1சி 6.5 சதவீதம், இவை வருத்தத்தின் எல்லைக்கோடுகள். உங்களுக்கு எந்த இலக்கு என்று டொக்டரிடம் நேரே கேளுங்கோ. பலருக்கு எச்பிஏ1சி 7இற்குக் கீழ், வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை, சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் 180இற்குக் கீழ் என்பதுதான் சொல்லப்படும் இலக்கு. ஒரு நாள் 240 காட்டினால் நீங்கள் கெட்ட ஆள் இல்லை. அது ஒரு தகவல், என்ன சாப்பிட்டீங்கள், நித்திரை கொண்டீங்களோ, காய்ச்சல் இருந்ததோ என்று யோசிக்க.

மெற்ஃபோமின் தொடங்கின முதல் கிழமைகளில் வயிறு குழம்பலாம். சாப்பாட்டோடு போடுங்கோ, நிற்பாட்டாமல் டொக்டருக்குச் சொல்லுங்கோ. இன்சுலினோ, கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ எடுத்தால் தாழ்சீனி வரலாம்: நடுக்கம், வியர்வை, படபடப்பு, காரணமில்லாத கோபம். 70இற்குக் கீழ் போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிசத்தில் திரும்பப் பாருங்கோ. ஆம், சீனிதான். அந்த நேரம் அதுதான் மருந்து, வாயைக் கட்டினால் ஆள் சரிந்துபோகும். சஷ்டி விரதமோ நோன்போ பிடிக்க விருப்பமெண்டால் முதலே டொக்டரிடம் கதைத்து மருந்தின் அளவை மாற்றுங்கோ, வேண்டாமெண்டால் விடுங்கோ. இன்சுலினை வைக்க வீட்டில் பிரிட்ஜ் இல்லையென்றால், பாவிக்கிற குப்பியை ஈரமான மண்சட்டிக்குள் நிழலில் வைக்கலாம். வருடத்துக்கு ஒருக்கால் கண்ணின் விழித்திரையையும் சலத்தில் புரதத்தையும் பார்ப்பியுங்கோ. ஒவ்வொரு இரவும் உள்ளங்காலைப் பாருங்கோ. செருப்பில்லாமல் கோயில் வீதியில் மத்தியான வெயிலில் நடக்காதையுங்கோ.

இதையெல்லாம்விட முதல், ஆராவது ஒருவருக்குச் சொல்லுங்கோ. ஒரு தோழிக்கு, தம்பிக்கு, கூட வேலை செய்கிற ஒருவருக்கு. உங்கட கை நடுங்கினால் சீனித்தண்ணி கரைத்துத் தர அவருக்குத் தெரிந்திருக்க வேணும். ஊர் கட்டச் சொன்ன வாய் இதுதான். முதலில் அதைத் திறக்க வேணும், கதைக்கிறதுக்கு.